இரண்டு இளம்பச்சை

அச்சாபீசில் முப்பது வருஷமாக நிறம் பார்ப்பதுதான் என் வேலை. காலண்டர் முருகன் முகத்தில் மஞ்சள் ஒரு இழை ஏறினாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் அடிக்க வேண்டிய இரண்டு இளம்பச்சைக்கு நடுவில் நாலு நாள் திருதிருவென்று முழித்தேன்.

பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றவள் என் மனைவி. பெயிண்டர் இரண்டு பச்சையைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு முழத்துக்குத் தீட்டிவிட்டு, நாலு நாளில் வருகிறேன், எதுவென்று சொல்லுங்கள் என்று போய்விட்டார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கோ அதில் ஒன்று ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை. எது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்தது. முதுகு முழுக்க வெந்துபோய், நாற்பது நாள் தீக்காய வார்டில் கிடந்தாள். அந்த வார்டுச் சுவர் இளம்பச்சை. வீட்டிலும் அதையே அடித்து, காலையில் கண் விழித்ததும் இன்னும் அங்கேயே கிடக்கிறோம் என்று அவள் அரண்டுவிட்டால்? அவளிடம் கேட்கவும் பயம். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

தெரிந்த தொழிலைத்தானே செய்ய முடியும். பெயிண்டர் விட்டுப்போன டப்பாக்களிலிருந்து இரண்டு பெயிண்டையும் வேஸ்ட் தாளில் விரலால் தட்டி எடுத்துப்போய், மெஷின் விளக்கடியில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ஒன்றில் நீலம் துளி கூடுதல், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏறினேன். அங்கே வெள்ளை அடித்துவிட்டிருந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டு பச்சையுமே எனக்குப் பேயாகத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் சுவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். காபி கொண்டுவந்தவள், அப்படி என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். “அங்கன செவுரு என்ன கலர்னு எனக்குத் தெரியாது” என்றாள். “குப்புறக் கெடந்தேன். தலையத் திருப்பி உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்கதான் நாப்பது நாளும் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தீக.”

உண்மைதான். வெந்த உடம்பைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

வாசலில் பெயிண்டரின் பைக் வந்து நின்றது. நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.