தங்கச்சிக்குக் கிடைத்த ஆரியா

தங்கச்சிக்கு ஆரியா கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ரெசிடேட்டிவ். நோர்வேயில், குரோருட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகள் சேர்ந்து ஒரு சின்ன ஓபரா போட்ட வருடம் அது. நோர்வேஜிய மியூசிக் டீச்சரே எழுதிய கதை. கடலுக்குப் போன அப்பாவின் படகுக்காக ஒரு மகள் கரையில் காத்து நிற்கிறாள். மகள், தங்கச்சி. படகு வரவில்லை என்று வந்து சொல்லும் ஆள், நான்.

ரெசிடேட்டிவ் என்றால் கதைப்பதுபோலவே பாடிக் கதையை நகர்த்துவதாம். ஆரியா வந்ததும் கதை நின்றுவிடும். நெஞ்சில் உள்ளதையெல்லாம் ஒருவர் முழுப் பாட்டாகப் பாடித் தீர்ப்பார். நீ வந்து சொல்லாவிட்டால் அவள் எதற்கு அழுவாள் என்று டீச்சர் என்னைத் தேற்றினார். நான் தேறவில்லை. என்னைவிட ஒன்றரை வயது இளையவள், தானாகத் தலை பின்னத் தெரியாதவள், அவளுக்கு முழுப் பாட்டு! எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, சின்னவள் பாடுகிறாள், பெரியவள் அறிவிப்புச் செய்கிறாள் என்று அம்மா தொலைபேசியில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓபரா மேடையேறிய அன்று அப்பா வீடியோ கமெராவோடு முன்வரிசையில் இருந்தார். தமிழ் விழாக்களில் படம் பிடித்துப் பழகிய கை. பாட்டும் நடனமும் வந்தால் போடுவார், பேச்சு வந்தால் நிறுத்துவார். கசற்றை மிச்சம் பிடிக்க வேண்டாமா? நான் வந்து இரண்டு வரி பாடியதும் கமெராவை மடியில் இறக்கி வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெசிடேட்டிவில் பாடுகிறவருக்காகப் பியானோ காத்திருக்கும் என்று டீச்சர் சொல்லித் தந்திருந்தார். கடைசி வரியைப் பாடாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். படகு வரவில்லை என்று நான் சொன்னால்தானே அவள் பாடலாம்? நிற்கட்டும், எல்லாருக்கும் முன்னால் விசரிபோல் நிற்கட்டும் என்று நினைத்தேன். டீச்சரின் கைகள் பியானோவுக்கு மேலே அப்படியே நின்றன. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் தாங்க முடியாமல் அந்த வரியை மெல்லப் பாடி முடித்தேன்.

பிறகு அவள் பாடினாள், பாவி. பயிற்சியில் ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை. நோர்வேக்காரத் தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா ஒரு நொடி விடாமல் பிடித்தார். நான் செய்த கெடுதலும் அவளுக்கே உதவிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

முடிந்ததும் டீச்சரும் மாமிமாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஜாக்கெட்டுகள் தொங்கும் இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு அங்கே ஓடிவந்தாள்.

“அக்கா, எனக்கு மூச்சே வரேல்லை. பாட ஏலாதெண்டு நினைச்சன். நீ அதைக் கண்டுதானே பொறுத்து நிண்டனீ?”

“ஓம்” என்றேன்.

அந்தப் பாட்டின் பெருமையில் ஒரு பங்கையாவது அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அத்தனை பேர் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது அவள் யாரைத் தேடி ஓடிவந்தாள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.