தொட்டியடியில் புதைத்த கம்பி

லொறி ஏறி வலது கால் நசுங்கியபோது முத்தலிப்புக்கு வயது நாற்பது. கண்டி ஆஸ்பத்திரியில் காலை வெட்டாமல் விட்டார்கள், அந்த மட்டுக்கும் அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. விறகுக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டது.

வேறு தொழில்காரனாக இருந்தால் கம்பை ஊன்றிக்கொண்டு பிழைத்திருப்பான். முத்தலிப் கடைசல்காரன். மாத்தளையிலிருந்து நாவுல போகும் ரோட்டில், வீட்டை ஒட்டி, ரோட்டைப் பார்த்த வாசலோடு தகரக் கொட்டில் போட்டு, கட்டில் கால், கதிரைக் கால் கடைந்து கொடுப்பவன். மிதிபலகையை வலது காலால் மிதித்தால்தான் சக்கரம் சுற்றும், மரமும் சுற்றும். இடது காலால் மிதித்துப் பார்த்தான். ஊன்றி நிற்கிற கால் உதவாத கால் அல்லவா, ஆள் பக்கவாட்டில் சரிந்து விழுந்து உளி கன்னத்தைக் கீறியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு மிதிபலகையைக் கழற்றி விறகுக் குவியலில் எறிந்தான்.

மோட்டர் ஒன்று இருந்தால் கால் வேண்டாம். அந்த நினைப்பு வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மோட்டரை அழகமுத்துதான் கொண்டுவந்தான். மேலே தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெசின் வேலைக்காரருக்குக் கையாளாக இருப்பவன். பெக்டரியில் கழித்துப் போட்ட மோட்டர் அது, மழை ஒழுகும் மூலையில் வெகுநாள் கிடந்தது.

"ஓடும் நானா. ஆனா கெழவன் மாதிரி இருமிக்கிட்டு ஓடும்," என்றான். முத்தலிப்பை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"எனக்கு மட்டும் என்ன, கொமரன் காலா ஈக்கு? ரெண்டு நொண்டியும் சேந்து ஓடுவோம்."

வீட்டில் இரண்டு லைட்டுக்கு ஏற்கெனவே கரண்ட் இருந்தது. கொட்டிலுக்கு இழுக்க லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கேட்டான். கை ஒழிந்ததும் வருகிறேன் என்றார், வரவில்லை. மாத்தளைக் கடைக்காரர் கல்யாணக் கட்டிலுக்கு நான்கு கால் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த நான்கும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு முத்தலிப்பை யாரும் கூப்பிடப்போவதில்லை.

தானே இழுத்தான். பலாச் சட்டத்தில் காடி வெட்டி அதற்குள் வயரை வைத்து மேலே பட்டி அடித்தான். முடிச்சுப் போட்ட இடங்களில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினான். தச்சுக் கை, வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. மீட்டர் பார்ப்பவர் வந்த அன்றைக்கு மட்டும் வீட்டுப் பக்கத்து வயர் நுனியைக் கழற்றி வாழைச் சருகுக்குள் ஒளித்துவைத்தான்.

கடைசியில் ஏர்த் கம்பி.

"ஏர்த் எறங்குற மண்ணு காயவே கூடாது நானா," என்றான் அழகமுத்து. "வெயில் காலத்துல நாங்க வாளி வாளியா தண்ணி ஊத்துவோம்."

முத்தலிப் யோசித்தான். அவன் வீட்டில் காயாத மண் ஓரிடத்தில்தான் உண்டு. கொட்டிலுக்குப் பின்னால், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு எடுக்கிற சீமெந்துத் தொட்டியடி. ஐந்து வக்தும் தண்ணீர் விழுகிற இடம். அழகமுத்து போன பிறகு இரும்புக் கம்பியை அங்கேயே அடித்து இறக்கினான். அவனுக்கே தன் மூளையை மெச்சத் தோன்றியது.

"அவனுங்க வாளி தூக்கட்டும். எனக்கு நீ ஒளு எடுத்தாப் போதும்," என்று மனைவி ஜெஸீமாவிடம் சொல்லிச் சிரித்தான். கால் போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

மோட்டர் ஓடியது. ஆனால் பியூஸ் நிற்கவில்லை. போட்டால் எரிந்தது, மாற்றினால் மறுபடியும் எரிந்தது. மோட்டரின் இழுவைக்கு இந்த நூல் கம்பி தாங்கவில்லை என்று முடிவு செய்து, நான்கு கம்பியை ஒன்றாக முறுக்கிப் போட்டான். அதற்குப் பிறகு எரியவேயில்லை.

இரண்டு கால்கள் கடைந்து முடித்தபோது ஜெஸீமா வந்து நின்றாள்.

"தொட்டியடியில நிக்கேலாம ஈக்கு. கால்ல சுருக்கு சுருக்குன்னு ஏறுது."

"கட்டெறும்பா இருக்கும். மண்ணெண்ணெய ஊத்து."

"பகல்ல லுஹருக்கும் அஸருக்கும் மட்டும் வார எறும்பா? விடிய சுபஹுக்குக் கடிக்கல்லியே."

முத்தலிப் போய்ப் பார்த்தான். விறைத்த காலோடு குந்த முடியாததால் அவன் பலகை போட்டு உட்கார்ந்துதான் ஒளு எடுப்பான். காலில் எந்நேரமும் டயர்ச் செருப்பு. ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தியா? ஒனக்கு நரம்புல கோளாறு. நாட்டு மருந்து வெதமாத்தயாகிட்ட எண்ணெ வாங்கித் தாரேன்."

சுபஹுக்கு மோட்டர் ஓடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நின்று பார்த்து, இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மோட்டரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மீதி இரண்டு கால்? அந்தப் பேச்சையே மனதில் எடுக்காமல் உளியைத் தீட்டினான்.

மறுநாள் அஸர் நேரம் மோட்டரின் இருமல் மாறிக் கேட்டது. தீய்ந்த வாடையும் வந்தது. இந்தக் கால் முடியட்டும், இந்தக் கால் மட்டும் முடியட்டும் என்று உளியை அழுத்தினான். பின்னால் வாளி உருண்டது. அதோடு ஒரு சத்தம், மனிதக் குரல் மாதிரியே இல்லை.

ஊன்றுகம்பை எடுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனான். ஜெஸீமா தொட்டியடியில் விழுந்து வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். "ஜெஸீமா!" என்று குனிந்தவன் நிலை தவறி ஈரச் சீமெந்தில் கையை ஊன்றினான். தோள்வரை அடித்துத் தூக்கி எறிந்தது.

அப்போது தெரிந்தது. சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

கத்தினான். ரோட்டில் பஸ் போகிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எழுந்திருக்கக் கம்பு இல்லை, கால் மடங்கவில்லை. காய்ந்த பக்கமாக முழங்கையால் ஊர்ந்தான். "யா அல்லாஹ், காலத்தான் எடுத்தாய், இவள உட்டுடு," என்று வாய் பிதற்றியது. கொட்டிலுக்குள் புகை. மோட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிடந்த கட்டையால் கொட்டில் சுவரில் இருந்த சுவிட்சின் பிடியை இழுத்து அடித்தான்.

அமைதியானது. திரும்பி ஊர்ந்து போய் அவள் தலையை மடியில் எடுத்துவைத்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கன்னத்தில் தட்டினான், உள்ளங்காலைத் தேய்த்தான், மறுபடியும் தட்டினான். வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தாள்.

"மோட்டர் நின்னுட்டா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி கேட்டதும் அவனால் அழுகையை அடக்க முடியவில்லை.

மறுநாள் அழகமுத்து மோட்டரைப் பிரித்தான். உள்ளே சுற்றுக் கம்பி கரியாக இருந்தது. "மோட்டர்ல கசிஞ்ச கரண்டெல்லாம் ஏர்த் வழியா நேரா தொட்டியடிக்கு வந்திருக்கு. பியூஸ் எரிஞ்சி எரிஞ்சி அதத்தானே சொல்லிச்சு? அது வாயவும் அடச்சிட்டீங்களே நானா! மனுசன் கால் வைக்கிற எடத்துலயா ஏர்த் எறக்குவாங்க?"

"நீதானே ஈர மண்ணுன்னாய்."

அழகமுத்து கழற்றிய மறையாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவன் முகமும் செத்துப்போயிருந்தது. "இத இனி சுத்தித் தர ஆளில்ல. எடைக்குத்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

முத்தலிப் தொட்டியடிக் கம்பியைப் பிடுங்கினான். கொட்டில் வயரையும் பலாச் சட்டத்தோடு பெயர்த்துப் போட்டான். பிறகு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கடையும் பட்டறையில் பாதி கடைந்த மூன்றாவது கால் அப்படியே மாட்டியிருந்தது.

விறகுக் குவியல் சரிகிற சத்தம் கேட்டது. ஜெஸீமா மிதிபலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். நடக்கும்போது அவள் கால் இன்னும் நடுங்கியது.

"அத எரிச்சிருக்கலாம். என்னத்துக்கு இங்க கொண்டு வாராய்?"

"மாட்டுங்க."

"பைத்தியமா ஒனக்கு? நேத்து மவுத்தாகப் பாத்தவ."

"அன்னைக்கு நான் சொன்னதக் கேக்கல்ல. இன்னைக்காவது கேளுங்க."

அவன் மாட்டினான். வார் இற்றுப்போயிருந்தது, வயரை முறுக்கிக் கட்டினான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். மரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடியும் மிதித்தாள், மறுபடியும் நின்றது. அவள் நெற்றியில் வியர்வை. உளியைப் பிடித்தபடி அவன் அவளைப் பார்க்கத் துணியாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கதவச் சாத்துங்க," என்றாள் மூச்சு வாங்க. "பொம்பள மிதிக்கிறத ரோட்டால போறவங்க பாக்கப் போறாங்க."

அவன் நொண்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.