சுள்ளிக்கல் நண்பனுக்கு மீன்குழம்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் கொஞ்ச காலம் என்னைவிட அதிகமாக நலம் விசாரிக்கப்பட்ட ஒருவன் இருந்தான். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் குடியிருந்தான். மனைவியும் மகளும் கோயம்புத்தூரில், இவன் மட்டும் இங்கே. போவதா இருப்பதா என்று தெரியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாயாக்கடையில் அவனைப் பற்றிப் பேசினார்கள். குடோனில் பேசினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பேசினார்கள். அவனிடம் ஒரே ஒரு குறைதான், அப்படி ஒரு ஆள் கிடையாது. அவனை உண்டாக்கியவன் நான்.

உண்டாக்க வேண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நான் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் குடோனில் குமாஸ்தா. சம்பளம் கணக்கு எழுதுவதற்கு. சம்பளமில்லாமல் பார்த்த வேலை, சிரிக்க வைப்பது. சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்கள் தும்மலுக்கு நடுவில் என்னைப் பார்த்தாலே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்பா நகரசபை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் பேசியது தமிழ் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். என் மனைவிக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கல்யாணமாகி வந்தபோது என் தமிழைக் கேட்டுவிட்டு, பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் ஏன் வாயே திறக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது என்றாள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்களில் அவளுக்கு அவள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு போனாள். அவளுடைய அண்ணன் வீட்டு மாடியில் தங்கினார்கள். பின்னாலேயே வந்துவிடுங்கள் என்றாள். இந்த சீசன் சரக்கு முடியட்டும் என்றேன். சுக்குக்கு ஒரு வசதி உண்டு, சீசன் வருடா வருடம் வரும்.

தனியாக இருப்பது பெரிய விஷயமில்லை என்று முதலில் நினைத்தேன். பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு, வடித்த பிறகு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நிற்பேன். மீன்காரம்மாவிடம் இரண்டே இரண்டு மத்தி கேட்டால், பூனை வளர்க்கிறீர்களா என்பாள். ஆமாம், அதன் பெயர்தான் ரேஷன் கார்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் சிரிப்பு தெருமுனை வரை கூட வரும். அங்கிருந்து வீட்டுக்கு நான் மட்டும் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். குடோன்களெல்லாம் சாத்திக் கிடக்க, பஜார் ரோட்டில் ஆடுகள் மட்டும் உத்தியோகம் பார்க்கும். நான் படகுத்துறைக்குப் போய் எர்ணாகுளத்துக்குப் படகு ஏறுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி, அடுத்த படகில் திரும்பிவிடுவேன். படகில் இடம் குறைவு, யாராவது ஒருவர் தோளை ஒட்டி உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுக்காயலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை வியர்த்தது. சாகப் போகிறேன் என்பது உறுதியானதும் எனக்கு வந்த முதல் யோசனை, திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிட்டோமே என்பது. ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அப்படியானால் உள்ளே துள்ளுவது யார் என்று கேட்டேன். வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் குடோனில் இதையே நடித்துக் காட்டினேன். பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அடித்துக்கொண்டது.

அந்தக் கோடையில்தான், எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் போன் பண்ணியபோது, மனைவி சொன்னாள். அண்ணனுக்குத் தெரிந்த மளிகை மண்டியில் கணக்குக்கு ஆள் தேடுகிறார்கள், ஜூன் வரை இடம் வைத்திருப்பார்கள். நான் வந்தால் தனியாக வீடு பார்ப்பாள். வராவிட்டால் மாடியிலேயே இருந்துகொள்வாள்.

"தமாஷ் பண்ணாம ஒரே வார்த்தை சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா? இதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

நான் ஏதோ தமாஷ் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. பூத்துக்காரர்தான் சிரித்தார்.

மறுநாள் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தபோது யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இத்தனை வருடம் சிரிக்க வைத்த ஊரில் திடீரென்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியுமா? ஆகவே, சுள்ளிக்கல்லில் எனக்கு வேண்டப்பட்ட ஒருத்தன் இருக்கிறான், பாவம், என்று ஆரம்பித்தேன். கதை முழுக்க என்னுடையது, விலாசம் மட்டும் அவனுடையது.

கடைக்காரச் சேட்டன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெண் இருக்கும் இடத்தில்தான் ஆண் இருக்க வேண்டும் என்றார். பெஞ்சிலிருந்த ஒருவர், மச்சான் வீட்டை நம்பிப் போகிறவன் மண்ணுக்கும் ஆகமாட்டான் என்றார். மூட்டை தூக்குகிற ஒருவர் ஏலூர்க் கம்பெனியில் வேலையை விட்டுவிட்டுப் போன தன் சித்தப்பாவின் கதையைச் சொன்னார். கதை முடிந்தபோது சித்தப்பா போனது சரியா தவறா என்று அவருக்கே விளங்கவில்லை. ஆளுக்கொரு தீர்ப்பு. எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பை காலி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம்முடைய ஆட்களுக்கு ஒருவன் பட்டினி கிடக்கிறான் என்று மட்டும் தெரிந்துவிடக் கூடாது. சாயாக்கடைக் கதை குடோனுக்குள் வரும்போது சுள்ளிக்கல்காரன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். சனிக்கிழமை, தரம் பிரிக்கும் பெண்களில் மூத்தவள், எங்களைப் போலவே இங்கே வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பத்துக்காரி, ஒரு எவர்சில்வர் தூக்கை என் மேஜையில் வைத்தாள். குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. அந்த ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் சாரே என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு. மூன்று பேர் சோறும் அன்றைக்குக் காலியானது.

அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்ததும். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அவனுக்குப் பிடித்ததா என்று கேட்பாள். பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்தால்தான் நம்புவார்கள் என்று, உப்பு ஒரு கல்லு கூடுதல் என்று சொன்னான் என்றேன். அவள் முகம் வாடியது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லாதவன் சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு. நான் இத்தனை வருடம் பேசியதில் ஒன்றுக்காவது யாராவது முகம் வாடியிருக்கிறார்களா?

மே மாதம் பாதி போனது. ஒருநாள் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லுக்குப் போய் அவனை நேரில் பார்ப்பது. வழிகாட்ட நான்.

எனக்கு ஏற்பட்ட கலக்கத்தைச் சொல்லி முடியாது. அவனை வளைகுடாவுக்கு அனுப்பலாமா என்று பார்த்தேன், ஒரே வாரத்தில் விசா கிடைக்காது. கொன்றுவிடலாம், ஆனால் பதினாறாம் நாள் சாப்பாடு கேட்பார்கள். சாயாக்கடையில் போய் விழுந்தேன். சேட்டன் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"அண்ணாச்சி, நம்மள்லாம் அவனுக்கு உபதேசம் பண்ணிப் பண்ணி ஆளைக் கெடுத்தாச்சு. தோப்பும்படியில லைஃப் கோச்னு ஒரு போர்டு இருக்கு. அங்க கூட்டிட்டுப் போ."

கோச் என்றால் எனக்குத் தெரிந்தவர் கழுத்தில் விசிலோடு மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறவர். வாழ்க்கைக்கு எங்கே ஓட விடுவார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நீ ஓடாம இருந்தாப் போதும்" என்றார்.

தையல்கடைக்கு மேல் ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, ஏறக்குறைய என் வயதில் ஒரு அம்மா. முன்பு கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவராம். நாங்கள் பேசியது மலையாளத்தில், இங்கே தமிழில் தருகிறேன். ஒரு நண்பனுக்காக வந்திருக்கிறேன் என்றேன். வியப்படையவில்லை, உட்காரச் சொன்னார்.

நான் கச்சேரியைத் தொடங்கினேன். படகு, வாயு மாத்திரை, ஏலூர்ச் சித்தப்பா, எல்லாம். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார். அந்தத் தைரியத்தில் மீன்குழம்பையும் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை தோறும் அவனுக்குத் தூக்கைச் சுமந்துகொண்டு போகிறேன் என்று.

"குழம்பு எப்படி இருக்கும்?" என்றார்.

"நல்லா இருக்கும் மேடம். புளி நல்லா இறங்கியிருக்கும். உப்புதான் ஒரு கல்லு கூட. சோத்துல பிசைஞ்சாத் தெரியாது."

"சோறு யாரு வைப்பாங்க?"

"நான்தான்."

மேஜை விசிறி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம். கையும் களவுமாகப் பிடித்தவர் முகம் இல்லை அவருக்கு. நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். நான் அடுத்துச் சொல்வதற்கு ஒரு தமாஷ் தேடினேன். நாற்பதைத் தாண்டிய வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் அகப்படவில்லை.

கோயம்புத்தூரில் என்ன பயம் என்று கேட்டார். சீசன், சேமநல நிதி, மச்சானின் சுபாவம் என்று ஆரம்பித்தேன். அதெல்லாம் சாயாக்கடைக்கு, இங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். இருந்தது. யாரிடமும் சொல்லாதது.

மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சாயா கிட்டுமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு குட்டிப் பயல் என் மலையாள ராகத்தை அப்படியே இழுத்துக் காட்டினான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எதிர்ப் பந்தியில் என் மகளும் சிரித்தாள். காலமெல்லாம் ஜனங்களைச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்குத்தான் நான் ஆரம்பிக்கும் முன்பே சிரித்தார்கள். அங்கே போய் மிச்ச வாழ்க்கை முழுக்க வாயைத் திறப்பதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சில் அந்தத் துள்ளல்.

"இதை வீட்டுல சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

சரி, போவதா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அதைச் சொல்வதற்குத்தான் ஏற்கெனவே ஒரு ஊரே இருக்கிறதே, நானும் சேர்ந்தால் கூட்டத்தில் ஒருத்தி என்றார். நெஞ்சு இன்னும் படபடத்தால் டாக்டரிடமே போக வேண்டும், தன்னிடம் வரக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார். கடைசியில், அடுத்த தடவை வருவதற்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை நானே சொல்ல வேண்டும் என்றார். தூக்கைத் திருப்பிக் கொடுப்பேன் என்றேன்.

வாழ்க்கை கவிழ்ந்து கிடப்பவர்கள் போகும் இடம் அது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் கவிழவில்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, இருதயம் கூட நன்றாக இருந்தது. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் விலை கேட்டேன், எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. சொந்தக் கவலைக்கு அடுத்தவன் விலாசத்தை எழுதினேன். மனைவி கேட்ட கேள்விக்குப் பூத்துக்காரரைச் சிரிக்க வைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து, பதில் சொல்லாமல், சோறு யார் வைப்பது என்று கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் குடோனில் தூக்கைக் கொண்டுபோய் அந்த மூத்தவளிடம் கொடுத்தேன். சுள்ளிக்கல்லில் யாரும் இல்லை, தின்றது முழுக்க நான்தான், கோயம்புத்தூரில் இருப்பது என் வீட்டுக்காரிதான் என்று சொன்னேன். மற்றப் பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், இதுவும் தமாஷா என்று. மூத்தவள் இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ உப்பு கூடுதல்னு சொன்னது சாருதானா?"

ஆமாம் என்றேன். தூக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை குழம்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் சுள்ளிக்கல்லுக்குப் போகவில்லை. நான் படகு ஏறவில்லை. பூத்துக்குப் போய்க் கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு மனைவியிடம் பந்தியில் நடந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு ராத்திரி பூரா நீங்க ஒரு வார்த்தை பேசலை. வயிறு சரியில்லைன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "பொண்ணு அன்னிக்குச் சிரிச்சது எனக்குத் தெரியும். நானும்தான் சிரிச்சேன்" என்றாள்.

அது வலித்தது. ஆனால் நெஞ்சு துள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அதுவரை தெரியாது. வர்றேன் என்றேன். ஒரே வார்த்தை. அவள் கொஞ்சம் காத்திருந்தாள், பின்னால் தமாஷ் ஏதாவது வருகிறதா என்று.

கிளம்புகிற அன்று காலையில் குடோன் வாசலில் குழம்புக்காரி நின்றிருந்தாள். அதே தூக்கு. சுள்ளிக்கல்காரனுக்கு என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். ரயில் ஆலுவாப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பொறுக்க முடியாமல் திறந்தேன். நல்ல மத்தி, நல்ல புளி. உப்பு மட்டும் போடவே இல்லை, பேருக்குக்கூட.

பெட்டியில் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சொல்வதற்கு ஒருவரும் இல்லை. தூக்கை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதைக் கோயம்புத்தூரில் எந்த ராகத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். என்னுடைய ராகத்திலேயே ஆரம்பிக்கலாம் என்று பட்டது.