ஊசிக்காரரின் கடைசிக் கழுத்து

கிளினிக் ஷட்டர் பாதி ஏறும்போதே ஊசிக்காரரின் மனைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிடுவாள். சாய்வில் நெற்றியை ஊன்றி, கூந்தலை அள்ளி மேலே பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஊசிக்காரர் சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து, சன்னமான பிளாஸ்டிக் குழாயைப் பிடரிக்குழியில் வைப்பார். குழாய்க்குள் மயிரிழை போல ஊசி. ஆள்காட்டி விரலால் குழாயின் தலையில் ஒரே தட்டு. டக். அடுத்த பக்கம் இன்னொரு டக்.

"எங்க வலி? காணோமே!"

"இன்னும் அங்கதான் உக்காந்திருக்கு. அவசரப்படாதீங்க."

அவர் கேள்வி, அவள் பதில். அவ்வளவுதான் பேச்சு. பிறகு ஊசிகளை எடுக்கும்வரை அவள் அசைய மாட்டாள்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத மனிதர். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டவர். அதே கூடத்தில் காலர் தைத்தவள் அவள். குனிந்து குனிந்து அவள் கழுத்து கல்லாகிப் போயிற்று. மாத்திரை, தைலம், கழுத்துப்பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. யாரோ சொல்லி அவளை அக்குபங்சர் ஊசி வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார். அன்று ஊசி முடிந்து வெளியே வந்தவளை வாசலில் அவர் கூப்பிட்டதும் அவள் உடம்பைத் திருப்பாமல், கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்தவர், இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தார். எலுமிச்சம்பழத்தில் குத்தினார், தலையணையில் குத்தினார், பிறகு தன்மேலேயே குத்திக்கொண்டார். "நான் எங்க படிச்சேன்னு என் தொடையைக் கேளுங்க, அது சொல்லும்" என்பார்.

பயந்து நெளிகிறவர்களுக்கென்று ஒரு வசனம் உண்டு. "கொசு கேட்டுட்டா குத்துது? நான் கேட்டுட்டுக் குத்துறேன். அதைவிட நான் மரியாதையானவன்." வலி முழுசாகப் போய்விடுமா என்று கேட்டால், "போகும், திரும்பி வரும், மாமியார் மாதிரி. ரெண்டு வரவுக்கும் நடுவுல நிம்மதியைக் கொஞ்சம் நீட்டிக் குடுப்பேன். என்னை மாதிரி நீட்டிக் குடுக்க வேற ஆள் இல்ல" என்பார். சிரித்துக்கொண்டே கழுத்தைக் கொடுப்பார்கள்.

இப்போது அந்தக் கை நடுங்குகிறது. முதலில் காபி சிந்தியது. டம்ளர் சரியில்லை என்றார். சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. தைத்தவனைத் திட்டினார். ஒருநாள் குழாய் ஒருவர் தோளில் தந்தி அடித்தது. அந்த மனிதர் அடுத்த முறை வந்தபோது பக்கத்து மேசையில் மகளிடம் போய் உட்கார்ந்தார். மகள் முறையாகப் படித்துவிட்டு வந்தவள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அந்த மேசைக்கு நகர்ந்துபோக, இவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு கழுத்து.

"பிடரி வேண்டாம்ப்பா. கை தவறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மகள்.

"உங்கம்மா கழுத்து எனக்குப் பட்டா போட்டுக் குடுத்த இடம். நீ போய் உன் ஆளுங்களைப் பாரு."

மறுநாள் காலை நாற்காலி திரும்பவில்லை. மனைவி நேராக உட்கார்ந்து கையை நீட்டினாள். கழுத்து வலிக்குப் புறங்கையிலும் ஓர் இடம் உண்டு. அங்கே ஊசி கொஞ்சம் தவறினாலும் பெரிய ஆபத்தில்லை.

"இன்னிக்குக் கையிலயே போடுங்களேன். கொண்டை போட்டுட்டேன், அவுக்கச் சோம்பலா இருக்கு."

இத்தனை வருஷத்தில் கொண்டையை அவள் சாக்குச் சொன்னதே இல்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் ஓயாத மனிதர், உறையைப் பிரிக்காமலே ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். கொசு வசனம் அன்று யார் காதிலும் விழவில்லை. சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது, அவள் உடம்போடு சேர்ந்துதான் திரும்பினாள்.

அடுத்த நாள் ஷட்டர் பாதி ஏறியதும் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கூந்தலை அவிழ்த்து மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்க. வலி உயிரை எடுக்குது."

கை கழுவினார். வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கழுவினார். அவள் பின்னால் வந்து நின்று உறையைப் பிரித்தார். மகள் தன் மேசையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைக் கவிழ்த்து ஊசியைச் சத்தமில்லாமல் தட்டில் உருவிப் போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, வெறும் குழாயைப் பிடரிக்குழியில் வைத்துத் தட்டினார். டக். அடுத்த பக்கமும் டக்.

"எங்க வலி? காணோமே!" என்றார்.

குத்தியதும் குத்தாததும் தெரியாத கழுத்தா அது?

"இன்னும் அங்கதான் உக்காந்திருக்கு" என்றாள். "அவசரப்படாதீங்க."

அவளுக்குப் பின்னால், பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் குனிந்து, ஊசி போட வந்த ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அக்கா, வரலாமா?"

அவள் திரும்பவில்லை. பிடரியில் ஊசி இருக்கிறவர்கள் திரும்பக் கூடாது. நெற்றியைச் சாய்விலிருந்து எடுக்காமலே, ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.