நாய் தண்ணீர் குடித்ததா

கல்யாணமாகி ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு நாய் என்றாலே பயம். நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பாவுக்கு அங்கே வெல்ல மண்டி. எங்கள் சந்தில் நாய்கள் நிறைய. முனிசிபாலிட்டி வண்டி வரும் நாளில், கழுத்தில் பித்தளை வில்லை இல்லாத நாயை இடுக்கியால் பிடித்து வண்டிக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். வில்லை இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் தெரு நாய். நாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோட்டத்துப் பக்கம் அது செல்லுபடியாகவில்லை. ஒரு வீட்டில் சோறு தின்னும் நாய் இன்னொரு வீட்டுக் களத்தில் படுத்திருக்கும். அது முயல் பிடித்துக்கொண்டு வந்தால் "எங்க நாய்" என்பார்கள். யார் வீட்டு ஆட்டுக்குட்டியையாவது கடித்துவிட்டால், "அது எங்கிருந்தோ வந்து கெடக்குதுங்க" என்பார்கள். எங்கள் மாமனாரின் நாய் மட்டும் அப்படியில்லை. செவலை நிறம், அகன்ற மார்பு, ஒரு காது நுனி கிழிந்திருக்கும். அது அவருடையது என்று ஊருக்கே தெரியும். மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது கிணற்றடியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நான் வாசலுக்கு வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் உள்ளே போய்விடுவேன்.

மாமனார் அப்போது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டின் தலைவர். நான் வந்த அடுத்த கோடையில் பக்கத்து ஊர் வண்டிக்காரர் ஒருவரை நாய் கடித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பச்சிலை வைத்துக் கட்டினார்கள். சில வாரம் கழித்து அவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுக்க ஆரம்பித்தது. மாமனார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றும் மறுநாளும் தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார். பிறகு ஒருநாள் சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்று, "ஏன் அம்மிணி, சேலத்துல நாய்க்கெல்லாம் வில்லை கட்டறாங்களாமே, அது எப்படி?" என்று கேட்டார். மருமகளிடம் மாமனார் நேராகப் பேசுவது அந்தக் காலத்தில் அபூர்வம். நான் கதவோரம் நின்று, பார்த்ததைச் சொன்னேன்.

அடுத்த வாரம் தண்டோரா போட்டார்கள். வீட்டு நாய்க்கெல்லாம் போர்டில் தகர வில்லை வாங்கிக் கட்ட வேண்டும். தோட்டத்து நாயைப் பகலில் கட்டிப்போட வேண்டும், கட்டாவிட்டால் அபராதம். வில்லை இல்லாமல் அலையும் நாயைப் போர்டு ஆட்கள் அடித்துக் கொன்றுவிடுவார்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் சொந்தக்காரர் கடிபட்டவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். டாக்டர் சொல்லும்வரை நாயைக் கொல்லாமல் கட்டிவைத்து, அது தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் வண்டிக்காரர் செத்த விதம் எல்லோர் காதுக்கும் போயிருந்ததால் எதிர்த்துப் பேசவில்லை.

நெசவுக்காரர் தெருவில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அவரும் மனைவியும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. ஆவணி மாதம் அது ஏரிக்கரையில் வில்லை இல்லாமல் நின்றதென்று அடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். மாமனார் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"கழுத்துப் பட்டை அறுந்துபோச்சுங்க. வில்லை ஊட்டுலதான் இருக்குது. அடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றார்.

"வில்லை கழுத்துல இருக்கோணும் முதலியாரே. ஊட்டுல இருந்தா ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமனார். கடுமையாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

அவர் திரும்பி நடந்தபோது களத்திலிருந்து எங்கள் செவலை ஓடிவந்து குரைத்தது. அதன் கழுத்தில் வில்லை இருந்தது, கயிறு இல்லை. அவர் நின்று நாயைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"அது தோட்டத்தை உட்டு வெளிய போவாதுங்க" என்றார் மாமனார்.

கார்த்திகையில் எங்கள் செவலை அந்த நெசவுக்காரரையே கடித்தது. அவர் நெய்த துணியை மூட்டையாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, எங்கள் வேலிக்கும் அடுத்த தோட்டத்து வேலிக்கும் நடுவில் போகும் இட்டேரியில் ராசிபுரம் போய்க்கொண்டிருந்தார். காலை வேளை. வேலிப் படல் திறந்திருந்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். அவர் மூட்டையைக் கீழே போடாமல் நின்றுகொண்டிருந்தார். கெண்டைக்காலிலிருந்து ரத்தம் ஒழுகியது. என் வீட்டுக்காரர் அவரை வாய்க்காலுக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினார்.

மாமனார் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது, காட்டுப் பன்றிக்காக லைசென்சு வாங்கி வைத்திருந்தது. நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

நெசவுக்காரர் வாய்க்கால் மேட்டிலிருந்து எழுந்தார். "சுடாதீங்க" என்றார்.

"உங்க மூஞ்சியில முழிக்க முடியல எனக்கு" என்றார் மாமனார்.

"உங்க வருத்தம் தீர்றதுக்கு அதைச் சுட்டுப் போடுவீங்க. அது வெறி நாயா இல்லையான்னு எனக்கு யாரு சொல்றது? தண்டோராவுல நீங்க சொன்னதுதானுங்களே. அது உசுரோட இருக்கோணும். நான் பாக்கோணும்."

மாமனார் துப்பாக்கிக் குழலைத் தாழ்த்தினார். பிறகு துப்பாக்கியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வண்டி பூட்டச் சொன்னார்.

சேலத்தில் டாக்டர், வயிற்றில் தினமும் ஊசி போட வேண்டும் என்றும், பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் நிறுத்திவிடலாம் என்றும் சொன்னாராம். தினமும் விடிந்ததும் மாமனார் நெசவுத் தெருவுக்கு வண்டி ஓட்டிப்போவார். நெசவுக்காரரை ஏற்றிக்கொண்டு ராசிபுரம் போய், அங்கிருந்து சேலம் பஸ் பிடிப்பார்கள். வேறு ஆளை அனுப்பலாமே என்று மாமியார் சொன்னதற்கு, "கடிச்சது என்ற நாய். நாந்தான் போவோணும்" என்றார்.

ஆனால் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? புளிய மரத்தில் இரட்டைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. பண்ணையாட்கள் கிட்டப் போகப் பயந்தார்கள். மாமியார் முடியாது என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கவலை இறைப்பு. மாமனார் என்னிடம், "நீ பாத்து எங்கிட்ட நெசத்தைச் சொல்லு சாமி. நல்லா இருந்தாலும் சொல்லு, இல்லாட்டியும் சொல்லு" என்றார். நாயைக் கண்டு உள்ளே ஓடுகிறவளிடம் அவர் ஏன் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாயிடம் பிரியம் இல்லாத ஒரே ஆள் நான்தான். அதனால் நான் சொல்வதை நம்பலாம் என்று நினைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

நீளக் கொம்பால் சோற்றுச் சட்டியையும் தண்ணீர்ச் சட்டியையும் தள்ளிவிட்டு, தள்ளி நின்று பார்ப்பேன். முதல் நாளே நெசவுக்காரரின் மனைவி வந்துவிட்டாள். படலுக்கு வெளியே நின்று, "தண்ணி குடிச்சுதுங்களா?" என்று கேட்டாள். குடித்தது என்றேன். "நீங்க கண்ணால பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். வேறு பேச்சில்லை. அவள் வரும் நேரத்துக்கு நான் படலருகே போய் நிற்கப் பழகினேன்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று காலையில் நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. சட்டியைக் கொம்பால் இன்னும் கிட்டத் தள்ளினேன். கண்ணை மூடிக்கொண்டது. ஓடிப்போய் மாமியாரிடம் சொன்னேன். மாமனாரும் நெசவுக்காரரும் அதற்குள் சேலத்துக்குப் போய்விட்டார்கள். மாமியார், "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. பயந்து போயிருவா. சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

அவள் வந்தாள். "தண்ணி குடிச்சுதுங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் குடிக்கலைங்க. சோறும் திங்கல" என்றேன்.

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். புளிய மரம் தெரியும்படி களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். "குடிக்கற வரைக்கும் இருந்து பாக்கறேனுங்க" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. நாய் மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயில் எச்சில் ஒழுகுகிறதா என்று அவள் எழுந்து குனிந்து பார்த்தாள். இல்லை. நான் கொண்டுவந்து கொடுத்த மோரை வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தன் கறுப்பு நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"தறிக் குழிக்குப் பக்கத்துலதான் படுத்திருக்குமுங்க. இவரு மிதி மிதிக்கற சத்தம் நின்னுபோச்சுன்னா தலையைத் தூக்கிப் பாக்கும். அது இல்லாமப் போனதுல இருந்து தறியில உக்காந்தா அந்தப் பக்கமே பாக்கறாரு." தண்ணீர்ச் சட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பட்டை அறுந்து கெடந்ததை நாந்தான் பாத்தேன். தெச்சுப் போடலாம், தெச்சுப் போடலாம்னு நாலஞ்சு நாளு உட்டுட்டேன். அவருகிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

எங்கள் மாமனாரும் வெளியே போகாது என்று கட்டாமல் விட்டவர்தானே என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

உச்சி வெயில் தாழ்ந்த பிறகு நாய் எழுந்தது. உடம்பை நீட்டி முறித்தது. சங்கிலி இழுபடத் தண்ணீர்ச் சட்டிக்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது. நக்கும் சத்தம் கேட்டது. சட்டி காலியாகும்வரை குடித்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவள் விரல்கள் சூடாக இருந்தன. நாய் ஏன் அத்தனை நேரம் குடிக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. ஓடித் திரிந்த பிராணி. ஒரே இடத்தில் கட்டிப் போட்டதில் சோர்ந்திருக்கலாம்.

அவள் மோரை எடுத்துக் குடித்தாள். "வாரேனுங்க" என்று சொல்லி எழுந்தாள். சாயங்காலம் மாமனாரிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன், அவள் பட்டையைப் பற்றிச் சொன்னதைத் தவிர. மறுநாள் அவர் டாக்டரிடம் அப்படியே சொன்னாராம். குரல் மாறவில்லை, நடை மாறவில்லை, தண்ணீர் குடிக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாராம் டாக்டர்.

நாய்க்கு ஒன்றும் வரவில்லை. ஊசியை நிறுத்தினார்கள். அடுத்து போர்டு கூடியபோது சாவடியில் ஊரே கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். மாமனார் எழுந்து, தானே போட்ட விதியைத் தானே மீறியதாகச் சொல்லி, மற்றவர்களுக்கு உள்ள அபராதத்தைத் தானும் கட்டினார். அத்தோடு முடியும் என்று எல்லோரும் நினைத்தபோது நெசவுக்காரர் எழுந்திருக்கிறார்.

"விதி வேண்டாம்னு நான் சொல்ல வரல. ஊசி போட்டுக்கிட்டவன் நான். ஆனா வில்லை இல்லாத நாயைப் பிடிச்சதும் அடிக்கக் கூடாது. பயிர் மேயற மாட்டை அடைக்கற பவுண்டுல கட்டி வெச்சுத் தண்டோரா போடுங்க. சொந்தக்காரன் வந்து 'என் நாய்'னு சொல்லட்டும். யாரும் வராட்டி அப்புறம் உங்க இஷ்டம்."

அதுவரைக்கும் சோறு யார் போடுவது என்று ஒருவர் கேட்க, "எங்க தெருவுல போடறோம்" என்றாராம். மாமனார் அதை ஏற்றுக்கொண்டார்.

அந்த ஏற்பாடு பல வருஷம் நடந்தது. பவுண்டுக்குச் சோறு கொண்டுபோனது பெரும்பாலும் அவர் மனைவிதான். சில நாள் நானும் போனேன். தண்டோரா கேட்டு வந்தவர்கள் ஊர்க்காரர்கள் முன்னால் நாயைத் தொட்டு "இது என்னுது" என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லி அவிழ்த்துப் போனவர்கள் பிறகு அதைக் கொஞ்சம் கவனித்தார்கள். யாரும் தேடி வராத நாய்களும் இருந்தன. அவற்றை அடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் தெருவை விட்டு வெளியே வர மாட்டாள். அந்த விதி நல்லதா என்று கேட்டால் எனக்கு முழுமனதாக ஆமாம் என்று சொல்ல வராது. ஆனால் அந்த வண்டிக்காரரைப் போல எங்கள் பக்கத்தில் பிறகு யாரும் சாகவில்லை.

அவளும் நானும் அதன் பிறகு பழகினோம். ஆண்கள் இருவரும் சிநேகிதர்கள் ஆகவில்லை. எதிரில் பார்த்தால் கும்பிட்டுக்கொள்வார்கள். நெசவுக்காரர் கடைசிவரை எங்கள் இட்டேரியில் நடக்கவில்லை. ஏரிக்கரை சுற்றித்தான் ராசிபுரம் போனார். அதை மாமனார் கவனித்தார் என்று எனக்குத் தெரியும்.

நாயைப் பகலில் கட்டுவதும் பொழுது சாய்ந்ததும் அவிழ்ப்பதும் மாமனாரே செய்தார். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வருவார். என் மூத்த மகன் தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள், குழந்தை களம்வரை போய்விடுகிறான் என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் நாய் புளிய மரத்தடியில் இல்லை. களத்துக்கு அப்பால், வேலியோரம் வேப்ப மரத்தடியில் புது முளை அடித்துக் கட்டியிருந்தார். சங்கிலியை முழுதாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது எதுவரை எட்டுகிறது என்று தானே நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.