ஸ்டீல் கெக்கும் தாசனின் ஞாயிறும்

போன சனிக்கிழமை லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர்ப்பக்கம் மரக்கறி வாங்கப் போனேன். வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் தாசன் நின்றார். பார்த்து எத்தனை மாதம்!

"எங்கை, ஆளைக் காணவே இல்லை?" என்றேன்.

"நீங்கள் கூப்பிடேல்லையே..."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பியர்க் கதை சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

வால்தம்ஸ்டோவில் எனக்குப் பக்கத்துத் தெருவில் ராஜன் அண்ணை இருக்கிறார். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து எலெக்ட்ரிக் வேலை செய்கிறவர். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று — பியரை வீட்டிலேயே காய்ச்சுவது.

காய்ச்சுவது சுலபம். போத்தலில் அடைப்பதுதான் தண்டனை! போத்தல்களைக் கழுவ வேண்டும், மருந்துத் தண்ணீரில் அலச வேண்டும், ஒவ்வொன்றிலும் அளவாய்ச் சீனி போட வேண்டும், நிரப்பி மூடி அமுக்க வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியமா? மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் தாசனும் உதவிக்குப் போவோம்.

தாசனுக்கு இங்கே குடும்பம் இல்லை. பார்க்கிங்கில் ஒரு அறை. பேச்சுக் குறைவு. பியர்கூட மரியாதைக்குத்தான் குடிப்பார். ஆனால் கை சின்க்குக்குள் போனதும் வாய் திறந்துவிடும். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த தங்கச்சியைப் பற்றி, அவளிடமிருந்து போன் வராததைப் பற்றி — எங்கள் முகத்தைப் பார்க்காமல், போத்தலைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். நாங்களும் போத்தலைப் பார்த்துக்கொண்டே கேட்போம்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ராஜன் அண்ணைக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "இனிப் போத்தல் வேண்டாம். கெக் வாங்குவம்" என்றார். கெக் என்றால் முழுப் பியரையும் ஒரேயடியாக ஊற்றி, காஸ் அடித்து, குழாய் டாப்பைத் திறந்து பிடிக்கிற பாத்திரம். அவரும் நானும் பியர்ச் சாமான் கடைக்குப் போனோம்.

பிளாஸ்டிக் பீப்பாயா, ஸ்டீல் கெக்கா? பிளாஸ்டிக் மலிவு, ஆனால் காஸ் கசியலாம். ஸ்டீலுக்கோ காஸ் சிலிண்டர், அழுத்தம் காட்டும் மீட்டர், குழாய், வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ் — குட்டித் தொழிற்சாலையே வேண்டும்! அண்ணை பழைய ஸ்டீல் கெக் ஒன்றின் மூடியைத் திறந்து உள்ளே மூக்கை நுழைத்தார். முன்பு குளிர்பானம் இருந்ததாம். "ஆரஞ்சு மணக்குது. ரப்பர் வளையத்தை மாத்தினாச் சரி."

"இனி உங்களுக்கு உதவிக்கு ஆளே தேவைப்படாது" என்றார் கடைக்காரர், ஆங்கிலத்தில். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் விழுந்து, ஸ்டீலையே வாங்கிவிட்டோம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. அண்ணையின் மனைவி தேவி அக்காவுக்குச் சின்க் திரும்பக் கிடைத்தது. நான் தோன்றும்போது போய் டாப்பைத் திறந்தேன். தாசனை? என்ன சொல்லிக் கூப்பிடுவது? அண்ணை கூப்பிட்டிருப்பார் என்று நான். நான் கூப்பிட்டிருப்பேன் என்று அண்ணை...

மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது, வன்னிச் சனம் ஆயிரக்கணக்கில் செத்து. இங்கே எந்த வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தாசனை நினைத்தோம். நினைத்தோம் — அவ்வளவுதான்.

மரக்கறிக் கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தங்கச்சியின்ர சேதி ஏதும்...?"

"ஓம், வந்தது." ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தார். "அவள் இல்லையாம்."

"ஏன் தாசன், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"போன் எடுத்து எப்பிடிச் சொல்லுறது?" இன்னொரு காயை எடுத்தார்.

ராஜன் அண்ணையிடம் சொன்னேன். கராஜில் டாப்பைத் திறக்கப் போனவர் ஃபிரிட்ஜை மூடிவிட்டார். திங்கட்கிழமை பின்னேரம் இருவரும் பார்க்கிங்குக்குப் புறப்பட்டோம். வெறுங்கையோடு போக அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் கெக்கைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவதா? டாப்பிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனோம். போய்ச் சேர்வதற்குள் நுரையும் இல்லை, காஸும் இல்லை.

தாசன் ஒரு வாய் குடித்தார். "நல்லா இருக்கு அண்ணை."

மூன்று பேரும் கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். கழுவ ஒரு போத்தல்கூட இல்லை; தங்கச்சியைப் பற்றி எதைப் பார்த்துக்கொண்டு கேட்பது?

எழும்பும்போது அண்ணை சொன்னார்: "தாசன், வாற ஞாயிறு வீட்டை வாரும். பழைய போத்தலெல்லாம் அப்பிடியே கிடக்கு. திரும்ப அடைப்பம்."

"ஞாயிறு ஏலாது அண்ணை. பெற்றோல் ஷெட்டில ஷிப்ட் எடுத்திட்டன். அறைக்குள்ள தனிய இருக்க ஏலாமல்தான்..."



வேலையைக் குறைக்கிற சாமானைத் தாராளமாக வாங்குங்கள் — அந்த வேலையைச் சாக்காக வைத்து உங்கள் வீட்டுக்கு யார் வந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.