இடது ஷூ

மாலை நாலு பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்று நாள் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள்.

பன்னிரண்டு வருடம் மாநில அணிக்கு வேகப்பந்து வீசியவள். ஓடி வந்து பந்தை விடும் ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும். பெருவிரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும். அதனால் புது ஷூ வாங்கியதும் அந்த இடத்தில் கத்தியால் ஓட்டை போடுவாள்.

“காசு குடுத்து வாங்கிட்டு யாராவது ஓட்டை போடுவாங்களாடி?” என்பாள் அம்மா.

“விரலுக்கு ஒரு ஜன்னல் வேணாமாம்மா?”

போன வருடம் நாலு நாள் இறுதியாட்டத்தின் கடைசி நாளில் அவள் நகம் பெயர்ந்து, வெள்ளைச் சாக்ஸ் சிவந்துவிட்டது.

“போதும், உள்ள போடி,” என்றாள் கேப்டன்.

அக்கா கையை நீட்டினாள். “பந்தைக் குடு. விரலை அப்புறம் பாத்துக்கலாம்.”

அன்று இருபத்தாறு ஓவர் வீசினாள். கடைசி விக்கெட்டும் அவளுடையதுதான். கோப்பை வாங்க நொண்டிக்கொண்டே போனாள், யார் தோளையும் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவரிடம், “அது எங்க அக்கா,” என்றேன்.

அடுத்த வார ஆட்டத்துக்கு வாங்கிய ஷூ அவள் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இடது முனையில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள். இன்னும் அறுக்கவில்லை.